ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பாக்கி

செங்கோட்டைப் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்குகிற பிள்ளைகள் என்னைத் தேடி வருவது ஜிஎஸ்டி எண் வாங்கத்தான். வந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் உட்கார்ந்து போனைக் காட்டிக் கதை சொல்வார்கள். ஆப் இப்படி இருக்கும், லோகோ இது, இன்ஸ்டாவில் ஒரு வீடியோ நன்றாக ஓடியிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் ஒன்றுதான் கேட்பேன்: சரக்கு கிளம்பின நாளிலிருந்து பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும்? "அதெல்லாம் செட் ஆகிரும் சார்" என்று பதில் வரும். செட் ஆகாமல் போனவர்களின் கணக்கை மூடிக் கொடுக்கிற வேலையும் என்னுடையதுதான். அதனால் அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

டிஜிட்டல் தொழில்நுட்பம் ஸ்டார்ட்அப்களுக்கு என்ன செய்யும் என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விற்பனையைப் பற்றியே பேசுகிறார்கள். உலகம் பூரா வாடிக்கையாளர், நாள் முழுக்கத் திறந்திருக்கும் கடை, இப்படி. நான் பார்த்தவரை ஆர்டர் கிடைக்காமல் செத்த சின்னக் கம்பெனிகள் குறைவு. ஆர்டர் நிறைய இருந்தும், எதில் கை கடிக்கிறது என்று தெரியாமல், பாக்கி வசூலாகாமல் செத்தவைதான் அதிகம். ஒரு தொழில் நாலைந்து வருடம் தாண்டி நிற்க வேண்டுமென்றால், ராத்திரி ஷட்டரை இறக்கும்போது நம் பணம் எங்கெங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முன்பு இதைத் தெரிந்துகொள்ள நல்ல கணக்குப்பிள்ளை வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுக்கிற அளவுக்கு வியாபாரமும் வேண்டும். இப்போது ஒரு போன் போதும். புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி இதுதான் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கம் இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அன்றைக்கு ஊர் சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வியாபாரம் இன்றைக்கும் மேற்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. பாவூர்சத்திரம் காய்கறி, புளியங்குடி எலுமிச்சை, சங்கரன்கோவில் பூ எல்லாம் புளியரை தாண்டி மலை ஏறி, கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கும் கொட்டாரக்கரைக்கும் கொல்லத்துக்கும் இறங்குகின்றன. புனலூர் இங்கிருந்து ரயில் பாதையில் 49 கிலோமீட்டர். மதுரையோடு ஒப்பிட்டால் கூப்பிடு தூரம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வெளி மாநிலம்.

இதன் விளைவு என்ன என்பது பலருக்கு முதல் பில் போடும்போதுதான் தெரிகிறது. பச்சைக் காய்க்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே எலுமிச்சையை ஊறுகாய் போட்டு, பாட்டிலில் அடைத்து, புனலூர்க் கடைக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகிற வரிச் சரக்கு. தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. எல்லை தாண்டி விற்றால் முதல் பாட்டிலுக்கே பதிவு வேண்டும். கொஞ்சமாக வரி கட்டிவிட்டுப் போகிற காம்போசிஷன் திட்டத்திலும் சேர முடியாது. வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கிறவர்களுக்கு அது இல்லை. ஆக, மதுரையில் ஊறுகாய் போடுகிற ஒருத்தர் இரண்டு வருடம் நோட்டில் எழுதிக்கொண்டு காலம் தள்ளலாம். செங்கோட்டைக்காரர் முதல் மாதத்திலிருந்தே ரிட்டர்ன், அதாவது ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், போட்டாக வேண்டும். இது அநியாயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கட்டாயம் பின்னால் ஒரு இடத்தில் கைகொடுக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சோதனைச்சாவடி காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பெரிய தொந்தரவாகத் தெரியாது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்படும்வரை, ஆரியங்காவில் லாரி வரிசையில் நின்றால் நின்றதுதான். காகிதத்தில் ஒரு சீல் குறைந்தால் வெண்டைக்காய் வாடும், ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டே இருப்பார். இப்போது 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வரிச் சரக்குக்கு, வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லைப் போனிலேயே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். பாலுக்கு மட்டும் கேரள பால்வளத் துறையின் பரிசோதனை ஆரியங்காவில் உண்டு; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, குடிக்கிற பொருள்.

சரி, காய்கறிக்கு வருகிறேன். என்னிடம் கணக்கு பார்க்கிற ஒரு அண்ணன் தங்கை. அண்ணன் கொச்சியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்த்தவன், தங்கை பி.காம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் விடியற்காலையில் காய் எடுத்து, புனலூர் வீடுகளுக்கு ஆப் வழியாக ஆர்டர் பிடித்து, மத்தியானத்துக்குள் கொண்டு சேர்ப்பது என்று தொடங்கினார்கள். ஆப் பார்க்க அழகாக இருந்தது. மலையாளம், தமிழ் இரண்டிலும் வேலை செய்யும். வீட்டுக்காரர்களும் விரும்பி ஆர்டர் போட்டார்கள். முதல் ஓணத்துக்கு ஆர்டர் குவிந்து, ஊருக்குள் பெயரும் வந்துவிட்டது.

மூழ்கிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது தங்கை. அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு டெலிவரிக்கும் தனியாக ஒரு வரி எழுதினாள். காய் வாங்கின விலை, விற்ற விலை, வண்டி வாடகையில் அந்த வீட்டின் பங்கு, புனலூரில் பைக்கில் கொண்டு கொடுக்கிற பையனின் கூலி, பெட்ரோல், திரும்பி வந்த காய். 200 ரூபாய்க்குக் காய் வாங்குகிற வீட்டில் 40 ரூபாய் நிற்கிறது, அதைக் கொண்டு சேர்க்க 60 ரூபாய் ஆகிறது. ஆர்டர் கூடக் கூட நஷ்டம் கூடுகிறது. மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தபோது இது தெரியவில்லை. ஏனென்றால் இடையில் இரண்டு மெஸ்ஸும் ஒரு ஹோட்டலும் மொத்தமாகக் காய் எடுத்துக்கொண்டிருந்தன. அவற்றில் வந்த லாபம் வீடுகளின் நஷ்டத்தை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. வரி வரியாகப் பிரித்துப் போட்டபோது ஷீட்டில் ஏறக்குறைய எல்லாம் சிவப்பு, நடுவில் மூன்று வரி மட்டும் பச்சை.

அண்ணனுக்கு மனசே இல்லை. ஆப்புக்காகத் தூக்கம் கெட்டவன் அவன். "ஆர்டர் இன்னும் டபுள் ஆச்சுன்னா டெலிவரி செலவு குறையும்ல?" என்றான். பெரிய நகரத்தில் ஒரே அபார்ட்மெண்டில் இருபது வீடு எடுத்தால் குறையும். புனலூர் அப்படிப்பட்ட ஊர் இல்லை. மேட்டில் ஒரு வீடு, பள்ளத்தில் ஒரு வீடு, நடுவில் ரப்பர் தோட்டம். கடைசியில் வீட்டு டெலிவரியை நிறுத்தினார்கள். ஹோட்டல், மெஸ், கேட்டரிங், இரண்டு ஆஸ்பத்திரி கேன்டீன் என்று மொத்தமாக எடுக்கிறவர்களுக்கு மட்டும் என்று மாறினார்கள். ஆப்பும் போயிற்று. வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு பட்டியல் போகும். ராத்திரி எட்டு மணிக்குள் எத்தனை கிலோ என்று பதில் வர வேண்டும். எட்டேகாலுக்கு மொத்தக் கணக்கு தயார். விடியற்காலையில் அண்ணன் மார்க்கெட்டில் இறங்கும்போது, தக்காளி எத்தனை பெட்டி, முருங்கைக்காய் எத்தனை கட்டு என்று கையில் இருக்கும். விற்றது போக மிச்சம் என்ற ஒன்றே கிட்டத்தட்ட இல்லாமல் போனது. மண்டி அண்ணாச்சிகள் முதலில் சிரித்தார்கள். "என்ன தம்பி, மளிகை லிஸ்ட் மாதிரி காய் வாங்குத?" பிறகு அவர்களே இவனுக்கு என்று தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். விலை படிந்ததும் யுபிஐ-யில் பணம் வந்துவிடுகிறதே, அவர்களுக்கு வேறென்ன வேண்டும்.

அழுகிக் குப்பைக்குப் போகிற காய் குறைந்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஒரு மானிய விண்ணப்பத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை. ஆனால் அவர்கள் அதைச் செய்தது காசுக்காக. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கிற தொழில்தான் நிலைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்லெண்ணத்தில் மட்டும் ஓடுகிற பசுமைத் திட்டத்தை முதல் நெருக்கடியிலேயே கைவிட்டுவிடுவார்கள்.

வாங்குகிற பக்கம் ரொக்கம், விற்கிற பக்கம் கடன். இதுதான் அடுத்த சிக்கல், எல்லை வியாபாரத்தின் பழைய வியாதியும் இதுதான். காய் போகும், பணம் நிற்கும். அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் மோசமானவர்கள் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் தங்கமான ஆட்கள். ஆனால் பழக்கம் அப்படி. "நாளெத் தராம் மோளே" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் சேட்டனிடம், இன்றைக்கே கொடு என்று இருபத்தைந்து வயதுப் பெண் எப்படிக் கேட்பாள்? கேட்டால் மறுநாள் வேறு வண்டியில் காய் இறங்கும். பழைய வியாபாரிகள் இதற்கென்று ஒரு ஆளை வைத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், டீ குடித்து, ஊர்க்கதை பேசி, பாக்கியில் பாதியை வாங்கிக்கொண்டு வருவார்.

இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், பில் போடுகிற மென்பொருளில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு கடன் வரம்பும் ஏழு நாள் தவணையும் வைத்தார்கள். எந்தச் சாதாரண பில்லிங் மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஐந்தாம் நாள் காலையில் வாட்ஸ்அப்பில் பாக்கித் தொகையும், தட்டினால் பணம் போகிற யுபிஐ இணைப்பும் தானாகப் போகும். ஏழு நாள் தாண்டினால் அந்தக் கடைக்குப் புது பில் போட மென்பொருள் மறுத்துவிடும். அவ்வளவுதான். முதல் தடவை இப்படி நின்றபோது கொட்டாரக்கரை ஹோட்டல்காரர் கோபமாகப் போன் போட்டார். தங்கை சொன்ன பதில் இன்னும் எனக்குச் சிரிப்பு: "நான் இல்ல சேட்டா, சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது. நானும் காலையிலேர்ந்து அதுகூடத்தான் சண்டை போட்டுட்டு இருக்கேன்." பதினைந்து நிமிடத்தில் பணம் வந்துவிட்டது.

ஸ்டார்ட்அப் கூட்டங்களில் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே சொல்ல முடியாத 'முடியாது' என்ற சொல்லை இயந்திரத்தின் தலையில் போட்டுவிடலாம். மனஸ்தாபம் வராது, ஏனென்றால் யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. பேங்க்காரர்கள் பல வருடமாக இதைத்தான் நம்மிடம் செய்துகொண்டிருக்கிறார்கள். "சர்வர் டவுன் சார்" என்று. சின்ன வியாபாரிக்கும் இப்போது அந்த மறைவு கிடைத்திருக்கிறது. கையில் ஆள்பலமோ குடும்பப் பெயரோ இல்லாமல் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று அருகிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

யுபிஐ இல்லாவிட்டால் இது ஓடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் வந்தபோது செல்லாக்காசுக் குழப்பத்தோடு சேர்த்து இதையும் திட்டினவர்கள் எங்கள் பஜாரில் உண்டு. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-யில் பணம் வாங்குகிற கடைக்காரரிடம் அதற்கான கட்டணம் பிடிப்பதில்லை. சில காசு லாபத்தில் ஓடுகிற காய்கறி வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்று கார்டு கட்டணம் கொடுத்திருந்தால் கதை வேறு. பணம் வந்த நேரம், வந்த கடை எல்லாம் தானாகப் பதிவாவது அடுத்த நன்மை.

இந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு அடுத்த வருடத்தைக் கணிக்கலாமா? மென்பொருள் விற்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் அது அப்படியே வேலை செய்யாது. 2023-இல் திருவோணம் ஆகஸ்ட் 29. 2024-இல் செப்டம்பர் 15. 2025-இல் செப்டம்பர் 5. ஆகஸ்ட் மாத விற்பனையை முந்தைய ஆகஸ்டோடு ஒப்பிட்டு மென்பொருள் ஒரு வரைபடம் போட்டது. 2024 ஆகஸ்டில் வியாபாரம் படுத்துவிட்டது என்று சிவப்பு அம்புக்குறி. ஒன்றும் படுக்கவில்லை, ஓணம் செப்டம்பருக்குப் போயிருந்தது. தங்கை ஷீட்டில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தாள்: அத்தத்திலிருந்து (ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் நாள்) எத்தனையாவது நாள். அத்தம் முதல் திருவோணம் வரை நாள் கணக்கு வைத்து ஒப்பிட்டால்தான் சேனை எப்போது ஏறும், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) எப்போது பறக்கும், எந்த நாளில் இரண்டாவது வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது பிடிபடுகிறது. கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து மகர விளக்கு வரை சபரிமலை சீசனுக்கும், குற்றாலம் சாரல் மாதங்களுக்கும் இதே மாதிரி தனிக் குறிப்பு.

அதே 2024-இல் ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் நிலச்சரிவு. கேரள அரசு ஓணம் வாரக் கொண்டாட்டங்களை ரத்து செய்தது. கிளப்புகளும் அலுவலகங்களும் சத்யை என்கிற ஓண விருந்தைச் சுருக்கின. கேட்டரிங் ஆர்டர் குறைந்தது. அடுத்த ஆண்டு கணிக்கும்போது அந்த எண்ணை அப்படியே எடுத்தால் தவறாகப் போகும். அவள் அந்த வரிக்குப் பக்கத்தில் "வயநாடு" என்று ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறாள். கணிப்பு மென்பொருளுக்கு மாதாமாதம் சந்தா கட்டுகிற கம்பெனிகளில் கூட இப்படி ஒரு குறிப்பு இருக்குமா என்று தெரியவில்லை.

காய்கறிக்காரர்களின் ஏழு நாள் வசூல் எல்லாத் தொழிலிலும் நடக்காது. ஏத்தங்காய் சிப்ஸும் ஊறுகாயும் போடுகிற ஒரு அம்மா இருக்கிறார். அவர் சரக்கு கேரளத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் தொடருக்குப் போகிறது. பெரிய இடம், பெரிய ஆர்டர், பணம் மட்டும் மூன்று மாதம் கழித்து. அங்கே "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது" என்று சொன்னால், சரி வேண்டாம் என்று அலமாரியைக் காலி செய்துவிடுவார்கள். சட்டம் அவர் பக்கம்தான். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்திருக்கிறது: இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருடம்வரை வாங்கினவர் செலவாகக் காட்ட முடியாது. ஆடிட்டர்கள் மார்ச் மாதத்தில் பரபரப்பாக போன் போட்டு உத்யம் சான்று கேட்பது அதனால்தான்.

ஒரு சங்கதியை மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்கிறவர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும்தான். வாங்கி விற்கிற வியாபாரிக்கு உத்யம் எண் கிடைக்கும், ஆனால் அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே பயன்படும். ஆகவே சிப்ஸ் போடுகிற அம்மாவுக்கு உண்டு, காய்கறி அண்ணன் தங்கைக்கு இல்லை. பதிவு செய்து கொடுக்கிற பலர் இதைச் சொல்வதில்லை.

சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயத்துக்கு ஓரளவு மருந்து ட்ரெட்ஸ், அதாவது வராத பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்கும் இணையச் சந்தை. ரிசர்வ் வங்கி உரிமம் கொடுத்த ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற தளங்கள். நம் பில்லை அங்கே ஏற்ற வேண்டும், வாங்கின கம்பெனி ஆமாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உடனே வங்கிகள் அந்த பில்லுக்குப் போட்டி போட்டு வட்டி கேட்கும். எது குறைவோ அதை எடுத்துக்கொண்டால் ஓரிரு நாளில் பணம் கணக்கில். கெடு நாளில் வங்கி பெரிய கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும்; அவர்கள் கொடுக்காவிட்டால் நம்மைப் பிடிக்காது. வட்டியும் பெரிய கம்பெனியின் நாணயத்தைப் பார்த்துத்தான் போடப்படும் என்பதால், கந்துவட்டி எங்கே, இது எங்கே. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. சேர்ந்துவிட்டு பில்லை ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய. ஆனால் அந்த அம்மாவின் வியாபாரம் இன்று நிற்பதற்கு இது பெரிய காரணம். முன்பு ஒவ்வொரு ஓணத்துக்கும் எண்ணெயும் காயும் வாங்க நகை அடகுக் கடைக்குப் போகும்.

முன்னால் சொன்ன கட்டாயப் பதிவு கைகொடுப்பது இங்கேதான். முதல் மாதத்திலிருந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டதால், கடன் கேட்டுப் போனபோது அந்தச் சிப்ஸ் அம்மாவின் கையில் காட்ட வரலாறு இருந்தது. 2021 செப்டம்பரில் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாடு தொடங்கியது. நாம் போனில் சம்மதம் கொடுத்தால் நம் வங்கிக் கணக்கு விவரம் நேராகக் கடன் தருகிற வங்கிக்குப் போய்விடும்; ஸ்டேட்மென்ட் எடுத்து, சீல் வாங்கி அலைய வேண்டாம். வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்க என்று தொடங்கும் பேச்சு, உங்கள் மாத வரவு எவ்வளவு என்று தொடங்குகிறது. வீடு தாய்மாமன் பெயரில் இருக்கிற பெண்ணுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

முதலீட்டாளர் பணத்தைப் பற்றிக் கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்டால் நான் மத்தளம்பாறையைக் காட்டுவேன். தென்காசி பக்கத்தில், வயலுக்கு நடுவில் ஜோஹோ அலுவலகம் இருக்கிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கின கம்பெனி, இன்றுவரை வெளி முதலீடு வாங்காமல், மென்பொருள் வாங்குகிறவர்களின் பணத்திலேயே வளர்ந்தது. அவர்களைப் போல எல்லாராலும் முடியும் என்று சொன்னால் அது கதை. மென்பொருளை ஒருமுறை எழுதினால் ஆயிரம் பேருக்கு விற்கலாம், வெண்டைக்காயை அப்படி விற்க முடியாது. இன்னொரு பக்கம் பெங்களூரின் டன்ஸோ. அது தொடங்கியதே ஒரு வாட்ஸ்அப் குழுவாகத்தான். கூகுள் பணம் போட்டது, பின்னால் ரிலையன்ஸ் போட்டது, 2025 ஜனவரியில் ஆப் நின்றுபோனது. ஒரு டெலிவரியில் நிற்கிற காசை விடச் செலவு அதிகம் என்றால் எத்தனை கோடி வந்தாலும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். புனலூரில் 200 ரூபாய்க் காயில் நடந்ததும் அதேதான், அளவுதான் வேறு.

மலை இறங்கிய வண்டி திரும்பி வரும்போது காலியாக வருவது எங்கள் பக்கத்து லாரிக்காரர்களின் பழைய புலம்பல். காலி வண்டி என்றால் போகிற சரக்கே இரண்டு பக்கத்து டீசலையும் சுமக்க வேண்டும். காய்கறிக்காரர்கள் முதலில் சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கிரேட் பெட்டிகள் வாங்கி, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, எந்தக் கடையில் எத்தனை நிற்கிறது என்று ஷீட்டில் ஏற்றினார்கள். திரும்பாத கிரேட்டுக்கு அடுத்த பில்லில் தானாகப் பணம் ஏறும். அப்புறம் வண்டியில் மிச்ச இடத்துக்கு ஆள் தேடி, உள்ளூர் வாட்ஸ்அப் குழு ஒன்றின் மூலம் தென்காசிப் பக்கத்துப் பழக்கடைகளுக்கு அன்னாசி ஏற்றி வருகிறார்கள். டீசல் செலவில் ஒரு பகுதி அதில் வந்துவிடுகிறது.

ரிட்டர்ன் லோடு என்றாலே எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவுகளைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசே லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. மருத்துவக் கழிவுப் பைகளுக்கு பார்கோடு ஒட்டிக் கண்காணிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. பார்கோடு விதி இருந்தும் பை மலை இறங்கி எங்கள் ஊர்க் குளத்துப் பக்கம் வந்துவிட்டது. ராத்திரி உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்க்க யாருக்கும் அவசியம் இருந்திருக்காது. கிரேட் திரும்பாவிட்டால் தங்கைக்கு நஷ்டம், அதனால் அவள் பார்க்கிறாள்.

புதிதாக வருகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்பேன்: மாதம் எத்தனை சந்தா கட்டுகிறீர்கள்? பில்லிங்குக்கு ஒன்று, வாட்ஸ்அப் செய்திக்கு ஒன்று, டிசைனுக்கு ஒன்று, மீட்டிங்குக்கு ஒன்று, இப்போது ஏஐ என்று ஒன்று. ஒவ்வொன்றும் ஆயிரம், ஐநூறு. கூட்டினால் ஒரு பையனின் சம்பளம் வரும். எது பணத்தை உள்ளே கொண்டுவருகிறது, எது வெறுமனே அழகாக இருக்கிறது என்று பார்த்து நிறுத்தினால் இரண்டு மாத வாடகை மிச்சம்.

அண்ணன் தங்கை இப்போது கொல்லம் நகரத்துக்குப் போகலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு ஆசை. அங்கே கேட்டரிங்காரர்கள் பெரிய அளவில் எடுப்பார்கள், ஆனால் முப்பது நாள் தவணை கேட்கிறார்கள். புனலூரிலிருந்து இன்னும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் போனால் வண்டி மத்தியானம் திரும்பாது, சாயங்காலம் ஆகிவிடும். அன்னாசி லோடும் தப்பிப் போகும். ஏழு நாளுக்கு ஒத்துக்கொள்கிற கடை குறைந்தது ஐந்து இருந்தால்தான் இரண்டாவது வண்டி தாங்கும் என்கிறாள் தங்கை. அண்ணன் தேடிப் பிடித்தது இதுவரை இரண்டு. சபரிமலை சீசன் முடியட்டும், தை பிறந்ததும் பார்ப்போம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். மீதி மூன்று கிடைத்தால் வண்டிக் கடனுக்குக் காகிதம் தயார் பண்ண என்னிடம் வருவார்கள்.